பிள்ளையின் பசியும் டப்பா வியாபாரமும்

நமது நாட்டில் எந்த வீட்டிற்குப் போனாலும், அங்கே இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருக்குமானால், அதன் தாயார் வாயிலிருந்து முதலாவதாக வரும் சங்கதி "பிள்ளை சாப்பிடவே மாட்டேனென்கிறது" என்பதாகத்தான் இருக்கின்றது. பட்டணத்து மாடி வீட்டிலும் இதே பேச்சுத்தான். குடியானவன் வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சுத்தான். ஆனால் சாப்பிடாத அந்தப் பிள்ளையோ அச்சமயம் பெரும்பாலும் கோழியைத் துரத்திக்கொண்டோ, வந்தவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டோ இருக்கும். பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு இவ்வளவு சேஷ்டை எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்பதில்லை. கேட்காததனாலேயே ஒரு பெரிய கூட்டம் நம்மிடத்தில் வயிறு வளர்த்து வருகின்றது. அக்கூட்டத்தைப் பற்றி இவ்வாரம் சிறிது எழுத வேண்டியதாயிருக்கின்றது.

முதலில் பழைய கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளை நாலு நாள் சரியாய்ச் சாப்பிடாவிட்டால், ஒரு கிழவி வந்து "கண்ணேறு" என்கிறாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாகின்றது. இன்னொருத்தி வந்து "குடல் ஏறிவிட்டது" என்று எண்ணெய் தடவித் தட்டுகின்றாள். ஜோசியன் ஜாதகத்தைப் பிரித்துப் பாலாரிஷ்டம் என்கிறான். மந்திரிப்பவன் கறுப்புக் கயிறு கட்டுகின்றான். இவையெல்லாவற்றிற்கும் மேலாக, "தொக்கம் எடுப்பது" என்று ஒன்று இன்றைக்கும் நடந்துவருகின்றது. பிள்ளையின் தொண்டையிலோ வயிற்றிலோ என்றைக்கோ தின்ற பண்டம் ஒட்டிக்கொண்டிருக்கின்றதாம். அதனால்தான் பசி எடுக்கவில்லையாம். தொக்கம் எடுப்பவர் வாயால் ஊதியோ, உறிஞ்சியோ, விரலை விட்டோ, ஒரு சோற்றுப் பருக்கையையோ கறித் துண்டையோ மயிரையோ எடுத்துக் காட்டுவார். தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டு காசைக் கொடுப்பாள்.

தோழர்களே! சிறிது யோசித்துப் பாருங்கள். மூச்சுக் குழலில் ஒரு கடலைப் பருப்பு அடைத்தால் பிள்ளை சில நிமிஷத்திற்குள் நீலம் பாரித்துவிடும். உணவுக் குழலில் ஒன்று அடைத்துக்கொண்டால் தன் எச்சிலையே விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, மூன்று மாதத்திற்கு முன் தின்ற கறித் துண்டு, மென்றது மென்றபடியே, அழுகாமல் கரையாமல், இந்த அம்மாளுக்காகத் தொண்டையில் காத்துக்கொண்டிருந்தது என்றால் அதை நம்புவதற்கு எவ்வளவு பெரிய பக்தி வேண்டும்? அந்தத் துண்டு பிள்ளையின் தொண்டையிலிருந்து வந்ததல்ல. எடுத்துக் காட்டியவர் கையிலிருந்தோ வாயிலிருந்தோ வந்தது. கழுவாத அந்த விரலும், வேறொருவர் வாய் எச்சிலும் குழந்தையின் தொண்டைக்குள் போவதுதான் இதில் மெய்யாக நடக்கும் காரியம்.

இதைப் படிக்கும் பட்டணத்துத் தோழர் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார். "நாங்கள் படித்தவர்கள், எங்கள் வீட்டில் தொக்கமுமில்லை, கயிறுமில்லை" என்பார். நல்லது. அவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம். வரிசையாய் டப்பாக்கள். ஒன்று உயரத்திற்கு, ஒன்று மூளைக்கு, ஒன்று எலும்புக்கு. பக்கத்தில் பசிக்கென்று ஒரு புட்டி. கிராமத்துத் தாயார் கிழவிக்குக் கொடுத்ததைப்போல் பல மடங்கு பணம் இங்கே போயிருக்கின்றது. கிழவி இல்லாத அடைப்பைக் காட்டிக் காசு வாங்கினாள். டப்பாக்காரன் இல்லாத குறைவைக் காட்டிக் காசு வாங்குகின்றான். முதலில் தோஷம் சொல்வது, பிறகு அதற்குப் பரிகாரம் விற்பது என்கின்ற ஜோசியன் தொழிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசமென்று கேட்கின்றோம்.

இது நமது கற்பனையல்ல. 1930-களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஹார்லிக்ஸ் விளம்பரக்காரர்கள் "இராப்பட்டினி" என்று ஒரு வியாதியைக் கண்டுபிடித்தார்கள். மனிதன் தூங்கும்போது சாப்பிடாமலிருக்கிறபடியால் இளைத்துப்போகிறானென்றும், படுக்கப் போகுமுன் தங்கள் பானத்தைக் குடித்தால் அது தீருமென்றும் பத்திரிகை தோறும் எழுதினார்கள். எந்த வைத்திய நூலிலும் இல்லாத வியாதி அது. மருந்துக்காக வியாதி பிறந்தது. பிறகு 2008-ம் வருஷத்தில், இதே பானத்தைக் குடித்தால் பிள்ளைகள் உயரமாயும் பலசாலிகளாயும் புத்திக் கூர்மையாயும் ஆவார்கள் என்ற ஒரு விளம்பரம், வங்காள தேசத்திற்கென்று தயாரிக்கப்பட்டது, தவறிப்போய் இங்கிலாந்தில் ஒரு நேப்பாள டெலிவிஷனில் வந்துவிட்டது. அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்கும் சபையார் அதற்குத் தக்க ருஜு இல்லையென்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். கம்பெனியார் சொன்ன சமாதானம், அது இங்கிலாந்துக்கென்று எடுத்ததல்ல என்பது. அதாவது, வெள்ளைக்காரன் பிள்ளைக்குச் சொல்லக்கூடாத சங்கதியை வங்காளத்தான் பிள்ளைக்கும் தமிழன் பிள்ளைக்கும் சொல்லலாம் என்பதுதானே இதன் அர்த்தம்? நமது நாட்டில் அதே உயரமும் பலமும் கூர்மையும் வருஷக்கணக்காய் வீடு தோறும் முழங்கிற்று, கேட்பாரில்லை.

கடைசியாக 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இந்திய அரசாங்க வர்த்தக இலாகா, இன்டர்நெட் மூலம் வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கு எழுதி, போர்ன்விட்டா முதலிய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பிலிருந்து எடுத்துவிடும்படி சொல்லிற்று. ஏன் தெரியுமா? 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்று ஒரு வஸ்துவே சொல்லப்படவில்லை. அதே மாதத்தில் ஹார்லிக்ஸ்காரரும் "ஆரோக்கிய" என்ற பட்டத்தைத் தாங்களாகவே கழற்றி வைத்துவிட்டு வேறு பெயர் சூட்டிக்கொண்டார்கள். இவ்வளவு வருஷம் சட்டத்தில் இல்லாத ஒரு பட்டத்தைப் போட்டுக்கொண்டு ஊரை ஏய்த்தார்கள் என்றால், நமது பத்திரிகைகளும் டெலிவிஷன்களும் கூலி வாங்கிக்கொண்டு அதற்குத் தமுக்கடித்தன என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

நிற்க. குழந்தைக்குப் பசி குறைவது மெய்யா பொய்யா? மெய்தான். அது வியாதியல்ல என்பதே நாம் சொல்லுவது.

பிறக்கும்போது சுமார் 3 கிலோ இருக்கும் குழந்தை, ஐந்தாறு மாதத்தில் இரண்டு பங்காகி, ஒரு வருஷம் நிறையும்போது மூன்று பங்காகி, சுமார் 9 கிலோவாகின்றது. அதாவது முதல் வருஷத்தில் மாத்திரம் 6 கிலோ கூடுகின்றது. இரண்டாவது வருஷத்தில் கூடுவது சுமார் 2 அல்லது 2½ கிலோதான். அதற்குப் பிறகு ஐந்து வயது வரை வருஷத்திற்கு ஏறக்குறைய 2 கிலோ. வளர்ச்சியின் வேகம் மூன்றில் ஒரு பங்காய்க் குறையும்போது, அதற்கு வேண்டிய தீனியும் உடலின் அளவுக்குக் குறைச்சலாகத்தானே வேண்டியிருக்கும்? இயற்கை பசியைக் குறைத்துக் கொடுக்கின்றது, தாயார் பயப்படுகின்றாள், டப்பாக்காரன் அந்தப் பயத்தை அறுவடை செய்கின்றான். முதல் வருஷத்து வேகத்திலேயே பிள்ளை வளர்ந்துகொண்டு போகவேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வருஷந்தோறும் மூன்று பங்கு என்றால் இரண்டு வயதில் 27 கிலோ, மூன்று வயதில் 81 கிலோ, நான்கு வயதில் 243 கிலோ. 243 கிலோப் பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்து நிலாச் சோறு ஊட்ட எந்தத் தாயாரால் ஆகும்?

மேலும், இந்த வயதுப் பிள்ளை ஒரே அளவாய்ச் சாப்பிடுவதில்லை. காலையில் இரண்டு இட்டிலி தின்றது மத்தியானம் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடும். இன்று தொடாததை நாளை மறுநாள் பிடுங்கித் தின்னும். தாயார் கவளத்தை எண்ணுகின்றாள். பிள்ளையின் உடம்போ நாலு நாள் கணக்கைச் சேர்த்துப் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்ளுகின்றது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் பெண் டாக்டர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளுக்கு முன்னால் பல பண்டங்களைத் தனித்தனிப் பாத்திரங்களில் வைத்துவிட்டு, ஊட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, இதைத் தின் என்று சாடை காட்டவுங் கூடாது என்று தாதிகளுக்கு உத்தரவு போட்டு, பிள்ளைகள் தாங்களாகவே என்ன தின்கின்றன என்று பார்த்தார். 1928-லும் 1939-லும் தமது முடிவுகளை வெளியிட்டார். பதினைந்து குழந்தைகள், எல்லாமாக 34 வகைப் பண்டங்கள். ஒரு பிள்ளை தின்றதுபோல் இன்னொன்று தின்னவில்லை. ஒரு வேளை தின்றதுபோல் மறுவேளை தின்னவில்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் நன்றாய் வளர்ந்தன. எலும்பு மெலிவு வியாதியோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்திருந்த மீன் எண்ணெயைத் தானாகவே எடுத்துக் குடித்து, வியாதி தீர்ந்தபின் விட்டுவிட்டது. ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். அந்த அம்மாள் வைத்த 34 பண்டங்களில் சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட இல்லை. காய், கனி, தானியம், பால், முட்டை, இறைச்சி, மீன் இவைதான். பிள்ளையின் புத்தியை நம்பலாம். ஆனால் அதன் முன் வைக்கும் பண்டம் யோக்கியமானதாய் இருக்கவேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் விரோதமாயிருக்கின்றது. காலையில் கண் விழித்தவுடன் பொடி கலந்த பால். பத்து மணிக்கு பிஸ்கோத்து. பதினொன்றுக்கு மறுபடி ஒரு டம்ளர் பால். பன்னிரண்டு மணிக்குச் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பசியில்லையே என்று அழுகின்றார்கள். வயிறு என்ன பத்தாயமா? பால் நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பாலாகவே குடித்துக்கொண்டிருந்தால், சோற்றுக்கும் பருப்புக்கும் கீரைக்கும் இடமில்லாமல் போகின்றது. பாலில் இரும்புச் சத்து மிகக் கொஞ்சம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோ மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேருவதையும் குறைக்கின்றது. இரும்பு குறைந்தால் இரத்தம் குறைகின்றது. இரத்தம் குறைந்தால் பசி மந்திக்கின்றது. பசி மந்தித்தால் மறுபடி ஒரு டம்ளர் பாலும் ஒரு கரண்டிப் பொடியும்! பசியைப் போக்கின கையே பசிக்கு மருந்து கொடுக்கின்றது. அந்தப் பொடியில்தான் என்ன இருக்கின்றது? 2023-ம் வருஷத்தில் பெரிய கூச்சல் கிளம்பியபோது, பேர்போன ஒரு பொடியின் டப்பாவிலேயே 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்ததை ஜனங்கள் வாசித்தார்கள். பாதி சர்க்கரை! அதைக் காய்கறிக் கடை விலைக்கா கொடுக்கிறார்கள்?

ஊட்டும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சாண்டியைக் காட்டி ஒரு கவளம், போலீஸ்காரனைச் சொல்லி ஒரு கவளம், இக்காலத்தில் செல்போனில் பொம்மை காட்டி வாய் திறந்த சமயம் பார்த்து ஒரு கவளம். அதற்கும் மசியாவிட்டால் மூக்கைப் பிடித்து ஒரு கவளம். வயிறு நிறைந்தது என்று தலையைத் திருப்புகின்ற பிள்ளைக்கும் சுயமரியாதை உண்டு என்று நாம் சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். பெரியவர் ஒருவரை இப்படி மூக்கைப் பிடித்து ஊட்டினால் சும்மா இருப்பாரா? இப்படி வளரும் பிள்ளைக்குச் சோற்றைக் கண்டாலே பயம் வருகின்றது. உள்ள பசியும் ஓடிப்போகின்றது.

இதில் நமக்கு மிகவும் மன வருத்தமாயுள்ள விஷயம் வேறொன்று. பிள்ளை இளைத்தால் குற்றவாளி யார்? தாயார். "என் பேரன் துரும்பாய்ப் போய்விட்டானே, நீ என்னதான் ஊட்டுகிறாயோ?" என்று மாமியார் கேட்கின்றாள். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டி நாத்தி கேட்கின்றாள். புருஷனோ பிள்ளை பெற்றதோடு தன் கடமை தீர்ந்ததென்று பத்திரிகை படித்துக்கொண்டிருக்கின்றான். இந்த மூன்று பேர் வாயையும் மூடவே அந்தப் பெண் டப்பா வாங்குகின்றாள். அவள் ஏமாறுவது புத்தியில்லாமையாலல்ல, பேச்சுத் தாங்காமையால். விளம்பரக்காரன் இதை நன்றாய்த் தெரிந்துகொண்டுதான், நல்ல தாய் எந்த டப்பாவை வாங்குவாள் என்று படம் எடுத்துக் காட்டுகின்றான்.

இனி புட்டிகளின் சங்கதி. பசிக்கென்று கொடுக்கப்படும் சிரப்புகளில் பலவற்றில் சைப்ரோஹெப்டடின் என்ற மருந்து இருக்கின்றது. அது ஒவ்வாமைக்காக ஏற்பட்ட மருந்து. தூக்க மயக்கம் உண்டாக்கும். அதைச் சாப்பிட்டால் பசி அதிகரிப்பதும் உண்டு. சில விசேஷமான நோய்களில் டாக்டர்கள் யோசித்துக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நன்றாய் ஓடியாடும் பிள்ளைக்கு, பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள் என்று மருந்துக் கடையில் வாங்கி ஊற்றுவது என்ன நியாயம்? நிறுத்தியவுடன் பசி பழைய நிலைக்கே திரும்பிவிடும், மறுபடி புட்டி. புக்ளிசின் என்று இன்னொரு மருந்து. அதைப் பசியுண்டாக்கும் மருந்தாக விற்க நம் நாட்டில் அனுமதி கொடுத்த விதத்தை, பார்லிமெண்டின் சுகாதார இலாகா நிலைக் கமிட்டியே 2012-ம் வருஷம் தனது 59-வது அறிக்கையில் எடுத்துக்காட்டிக் கண்டித்தது. வைட்டமின்களும் அப்படித்தான். குறைவிருந்தால் அமிர்தம், குறைவில்லாத பிள்ளைக்கு வீண் செலவு. அவற்றில் ஏயும் டியும் மிதமிஞ்சினால் உடம்பில் தங்கி விஷமாகவும் கூடும்.

அப்படியானால் நாம் சத்துப் பொருள்களுக்கே விரோதிகளா என்று சிலர் கேட்பார்கள். அல்ல. குறைவு உள்ள இடத்தில் நிறைவைக் கொடு என்கின்றோம். அந்தக் குறைவு நம் நாட்டில் கொஞ்சநஞ்சமா? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல சர்வேயில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேர் இரத்தக் குறைவுள்ளவர்கள் என்று கண்டிருக்கின்றது. தமிழ்நாட்டில் 100-க்கு 57. நம் மாகாணத்துப் பிள்ளைகளில் 100-க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். இவர்களுக்கு வேண்டியது டப்பாவல்ல. இரும்புச் சத்து சிரப்பு வாரத்திற்கு இரண்டு தடவை 1 மில்லிலிட்டர் வீதம் கொடுக்கும்படி 2018 முதல் ஒரு திட்டமே இருக்கின்றது, காசில்லை. குடற்புழுவுக்கு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மாத்திரை, காசில்லை. வைட்டமின் ஏ திரவம், காசில்லை. காசில்லாதபடியால்தானோ என்னமோ, நம் ஜனங்களுக்கு அதில் நம்பிக்கையுமில்லை! எலும்பும் தோலுமாய்ப் போன பிள்ளைகளுக்காக 1996-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் ஒரு பசை உணவு கண்டுபிடித்தார்கள்; பல தேசங்களில் குழந்தைகளைச் சாவிலிருந்து மீட்டிருக்கின்றது. அதில் முக்கியப் பண்டம் என்ன? நம் ஊர் நிலக்கடலைதான். பால் பவுடரும் எண்ணெயும் சர்க்கரையும் சத்துப் பொருள்களும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது அளந்து பார்த்து, மெய்யாய் இளைத்த பிள்ளைக்கு மாத்திரம் கொடுக்கும் மருந்து. கொழுத்த பிள்ளையைக் குண்டாக்குவதற்கல்ல.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் இந்தச் சென்னை மாகாணம் மற்றவர்களுக்கு வழி காட்டிய சங்கதியை மறந்துவிட்டா டப்பாக்காரனிடம் போகவேண்டும்? 1920-ல் நீதிக்கட்சியார் கையிலிருந்த சென்னை கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தது. 1956-ல் காமராஜர் அதை மாகாணமெங்கும் பரப்பினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்து, பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளைகளையும் சேர்த்தார். 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. இவற்றில் எங்கேயாவது ஒரு டப்பா உண்டா? சோறு, பருப்பு, காய், முட்டை.

ஆனால் டப்பாக்காரன் ஏழையையும் விட்டபாடில்லை. முழு டப்பா வாங்க முடியாதவனுக்கு என்று சிறு பொட்டலம் போட்டுப் பெட்டிக் கடையில் தோரணமாய்த் தொங்கவிட்டிருக்கின்றான். களை எடுத்த கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டு போகின்றாள். அந்தக் காசுக்கு வரும் கடலையிலும் பொட்டுக்கடலையிலும் எவ்வளவு புரதம் இருக்கின்றதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. கடலையை மாத்திரம் இடித்தோ அரைத்தோ கொடுக்கவேண்டும். முழுதாய்க் கொடுத்தால் சிறு பிள்ளைக்கு மூச்சுக் குழலில் போய்விடும். பணக்காரன் பிள்ளைக்கு டப்பா வீண் செலவு. ஏழைப் பிள்ளைக்கோ அது ஒரு முட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகும் திருட்டு.

எல்லாப் பசிக் குறைவும் இயற்கைதான் என்று எண்ணி யாரும் அலட்சியமாய் இருந்துவிடவுங் கூடாது. பிள்ளையின் எடை இரண்டு மூன்று மாதமாய் ஏறாமல் நின்றாலும், இறங்கினாலும், நாக்கும் கண்ணின் உட்புறமும் உள்ளங்கையும் வெளுத்திருந்தாலும், மண்ணும் சாம்பலும் பல்பமும் தின்றாலும், இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்திற்கு மேல் விடாவிட்டாலும், கால்கள் வீங்கினாலும், விளையாட்டை விட்டுச் சுருண்டு படுத்தாலும், அது தொக்கமுமல்ல, டப்பாவுக்குக் கட்டுப்படுவதுமல்ல. இரத்தக் குறைவாயிருக்கலாம், புழுவாயிருக்கலாம், க்ஷய ரோகமாகவுமிருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகவேண்டும். தொக்கத்திலும் பொடியிலும் கழிகின்ற ஒவ்வொரு மாதமும் அந்த வியாதிக்குக் கொடுக்கும் தவணையாகும். மற்றப்படி, மாதத்திற்கொரு தடவை அங்கன்வாடிக்குப் போய்ப் பிள்ளையைத் தராசில் ஏற்றி, எடையை அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பிள்ளையானால் புஜத்தில் நாடாவைச் சுற்றி அளந்து பார்ப்பார்கள். 11½ சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டியது அவர்கள் பொறுப்பு. அனுப்பச் சொல்லிக் கேட்கவேண்டியது நம் பொறுப்பு. அட்டையில் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால், அந்த அட்டையை மாமியாருக்கும் நாத்திக்கும் பத்திரிகை படிக்கும் புருஷனுக்கும் காட்டிவிட்டு, தட்டில் சோற்றை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பிள்ளை வேண்டிய மட்டும் தின்றுவிட்டு எழுந்து போகட்டும்.